அரை மணி நேரத்தை யார் தருவது?



மருத்துவமனையின் தேவைகளையும் நன்றிகளையும் இப்பக்கங்களில் எழுதுவது எங்கள் வழக்கம். இம்முறை, எங்கள் புறநோயாளிகள் பிரிவில் வாரந்தோறும் காதில் விழும் ஒரு கேள்வியைக் குறித்து எழுத விரும்புகிறோம். அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட தாய்மார். "நடக்கணும், உடம்பைக் குறைக்கணும்னு சொல்றீங்க. எப்ப நடக்கறது?" என்பதே அக்கேள்வி.

பிரம்மதேசத்துப் பக்கமிருந்து வந்த ஒரு தாயாரின் முகம் எங்கள் மனதில் நிற்கிறது. வயது நாற்பதுக்குள். வீட்டில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கணவர் திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு, மாமியார் ஒருவர். சர்க்கரை வியாதி தொடங்கியிருந்தது, இரத்தக் கொதிப்பும் எல்லையில் நின்றது. மருத்துவரைப் பார்த்துவிட்டு எங்கள் அறைப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா தினம் நடக்கச் சொல்றாங்க ஐயா. நாலரைக்கு எழுந்தா ராத்திரி பத்துக்குத்தான் படுக்கறேன். நாள் முழுக்க வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்றார்.

நாங்கள் உடனே, "மனமிருந்தால் மார்க்கம் உண்டு அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மூன்று மாதம் கழித்து வந்தபோது அவருடைய சர்க்கரை அளவு சற்றுக் கூடியிருந்தது. எங்களைக் கண்டதும் குற்றம் செய்தவரைப்போலத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றுதான் நாங்கள் சொன்ன பழமொழி அவருக்கு உதவவில்லை, சுமையைத்தான் கூட்டியது என்று உணர்ந்தோம். அவருடைய கேள்விக்கு நாங்கள் பதிலே சொல்லியிருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடியதில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

வீட்டு வேலை போதாதா?

முதலில், "நாள் முழுக்க நடக்கிறேனே" என்பதைப் பொய்யென்று தள்ள வேண்டாம். கழனியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணுக்கும், உப்பளத்தில் சுமக்கும் பெண்ணுக்கும் தனியாகத் தேகப்பயிற்சி எதுவும் தேவைப்படாமல் இருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், நல்ல உணவும், இரும்புச் சத்தும்.

வீட்டிலும் கடையிலும் தையல் இயந்திரத்திலும் நாளைக் கழிக்கும் தாய்மாரின் நிலை வேறு. அம்மி, ஆட்டுக்கல், உரல் இருந்த இடத்தில் இன்று மிக்சியும் கிரைண்டரும் இருக்கின்றன. 2011-ல் தமிழக அரசு இவற்றை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபின் சிற்றூர்களிலும் அவை பரவின. பெண்களின் முதுகு தப்பித்தது, அதற்காக நன்றியோடிருக்க வேண்டும். ஆனால் மீதமிருக்கும் வேலைகளில் பெரும்பாலானவை நின்றும் உட்கார்ந்தும் மெதுவாகச் செய்பவை. அவை களைப்பைத் தருகின்றன, ஆனால் மூச்சையும் நாடியையும் போதிய அளவு எழுப்புவதில்லை.

வேகமாக நடக்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலும், இயங்கும் தசை தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்ள ஒரு வழியைச் சிருஷ்டிகர் வைத்திருக்கிறார். நடந்து முடித்த பின்பும் அந்தப் பலன் ஓரிரு நாள் நீடிக்கிறது, பிறகு குறைந்துவிடுகிறது. ஆகவேதான் வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, நாள்தோறும் சிறிது நடப்பது மேலென்கிறோம்.

எவ்வளவு வேகம்? கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் ஒரு பாட்டை முழுவதும் பாட மூச்சு இடங்கொடுக்கக் கூடாது. அதுவே சரியான வேகம்.

இதன் பலன் நம் மாநிலத்திலேயே சோதித்து அறியப்பட்டது. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவைச் சீர்ப்படுத்தி, தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கும்படி தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தாய்மார் அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி மீதமிருக்கிறது.

திண்டிவனத்தின் மூன்று கதவுகள்

இவ்விடத்தில் நம் வட்டாரத்தின் ஒரு பழைய இரவை நினைவுகூருகிறோம். உங்களில் பலர் அதைச் சிறுவயதிலேயே கேட்டிருப்பீர்கள். 1890-ல், மிஷனரி டாக்டரின் இளம் மகள் ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவரல்ல. அவருடைய தகப்பனார் வரத் தயாராயிருந்தார். ஆனால் ஆண் மருத்துவரை உள்ளே விட அந்த வீடுகளின் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவே அவரை மருத்துவராக்கியது. வேலூர் மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் அதிலிருந்து பிறந்தவை. முதிர்ந்த வயதிலும் டென்னிஸ் ஆடியவர் அந்த அம்மையார்.

அந்த மூன்று கணவன்மாரும் மனைவியர்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பிருந்தபடியால்தான் இரவில் ஓடி வந்தார்கள். ஆனால் வீட்டின் வழக்கத்தை மாற்ற அவர்களால் முடியவில்லை. இன்று அந்தக் கதவு திறந்துவிட்டது. வேறொரு கதவு மட்டும் பாதி சாத்தியே இருக்கிறது.

2024-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது, அது தனி. தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16-ல் 100-க்கு 31 பேர். 2019-21 கணக்கெடுப்பில் அது 40 பேராயிற்று. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தாய்மாரைச் சோம்பேறிகள் என்று சொல்ல நமக்கு நாவெழாது.

நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

அடுத்த முறை அந்தத் தாயார் வந்தபோது கணவரும் உடன் வந்திருந்தார். அவரிடம், "தம்பி, காலையில அரை மணி நேரம் பிள்ளைங்களையும் அடுப்பையும் நீங்க பாத்துக்க முடியுமா?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "அவ ஒருநாளும் கேக்கலையே ஐயா" என்றார். "கேட்டா என்ன நினைப்பீங்களோன்னுதான்" என்று அந்த அம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னார்.

எங்களுக்கு அன்று விளங்கியது இதுதான். ஊக்கம் இல்லை, மனவுறுதி இல்லை என்று தாயின் உள்ளத்திலேயே குறை தேடிக்கொண்டிருந்தோம். அவருக்கு இல்லாதிருந்தது தம்முடையதென்று சொல்லிக்கொள்ள ஓர் அரை மணி நேரம். அதை வீட்டார் மனமுவந்து கொடுத்தபோது ஊக்கம் பின்னாலேயே வந்தது. இப்போது காலையில் கணவர் பால் காய்ச்சிப் பிள்ளைகளை எழுப்புகிறார். இவர் பக்கத்து வீட்டு அக்காளோடு ஏரிக்கரைவரை நடந்து திரும்புகிறார். மழைக்காலத்திலும் பொங்கல் வாரத்திலும் நின்றுபோயிற்று, பிறகு மறுபடியும் தொடங்கினார். ஆறு மாதத்தில் எடை கொஞ்சந்தான் குறைந்தது. ஆனால் சர்க்கரை இறங்கியிருந்தது, மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார்.

இடமும் துணையும்

நேரத்துக்கு அடுத்தபடியாக வேண்டியவை இடமும் துணையும். சென்னை திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி என்ற குடியிருப்பு உண்டு. டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் அங்கு ஆய்வு செய்து, நடப்பதன் அவசியத்தை எடுத்துச் சொன்னார்கள். அதைக் கேட்ட குடியிருப்பாளர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் பயிற்சி செய்தவர்கள் முன்பு 100-க்கு 14 பேர். பிறகு ஏறக்குறைய 59 பேர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அங்கு சர்க்கரை வியாதி 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆகத்தான் உயர்ந்திருந்தது. அதே ஆய்விலிருந்த, வருமானம் குறைந்த இன்னொரு குடியிருப்பில் அது 6.5-லிருந்து 15.3 ஆகிவிட்டது. பூங்கா ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வாசலருகே இடமும் அயலாரின் துணையும் இருந்தால் ஜனங்கள் நடக்கிறார்கள் என்பது தெரிகிறது.

நம் ஊர்களில் பூங்கா இராது. ஏரிக்கரை, பள்ளி மைதானம், கோயில் வீதி, களத்துமேடு, மொட்டைமாடி உண்டு. பேருந்துகள் விரையும் மரக்காணம் சாலையில் இருட்டோடு நடப்பதை நாங்கள் விரும்புவதில்லை. மகளிர் குழு கூடும் நாளில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொண்டால் பயமும் இல்லை, ஊர்ப் பேச்சும் இல்லை. ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் வாசலில் வந்து கூப்பிடுவார்.

தாய்மார் தொடங்கும் விதம்

அரை மணியும் ஒரே தடவையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்தில் 150 நிமிடமாவது இலக்கு, ஆனால் எந்த அளவும் ஒன்றுமில்லாததைவிட நல்லது என்கிறது. பிள்ளைகளைப் பேருந்தேற்றிவிட்டுத் திரும்பும்போது சற்றுச் சுற்றி வரலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடக்கலாம். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அது நன்றாகக் குறைக்கும். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்ந்தால் தொடைத் தசை பலப்படும்.

எடை குறையவில்லையே என்று முதல் மாதத்திலேயே மனந்தளர வேண்டாம். தூக்கமும் மனமும் முதலில் தெளியும், இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அதன்பின் இறங்கும், எடை கடைசியில்தான் அசையும். நடந்த நாளில் தினசரிக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். விட்டுப்போன நாளுக்காக வருந்தாமல் மறுநாள் தொடங்குங்கள்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். எப்போதும் அசதி என்கிற தாய்க்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தமில்லாத உடம்பை நடக்கச் சொல்லி விரட்டக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே வீட்டு வாசலிலேயே தங்கள் கொதிப்பையும் சர்க்கரையையும் அறிந்துகொண்டவர்கள் பலர். அளவு தெரியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம், திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் முந்தானையில் ஒரு மிட்டாயாவது முடிந்துகொள்ளுங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைச்சுற்றலோ வந்தால் நின்றுவிட்டு உடனே மருத்துவரிடம் வாருங்கள். பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

நண்பர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையால் மருந்தும் பரிசோதனையும் பல ஏழைத் தாய்மாருக்குக் கிடைக்கின்றன. அதற்கு என்றும் நன்றியுள்ளவர்களாயிருக்கிறோம். இம்முறை இன்னொரு காணிக்கையையும் கேட்கிறோம். அதற்கு மணியார்டர் வேண்டாம், ரசீதும் நாங்கள் அனுப்ப மாட்டோம். உங்கள் வீட்டில் ஒரு தாய் இருப்பார். மனைவியாகவோ, மருமகளாகவோ, மகளாகவோ இருக்கலாம். அவர் கேட்கும்வரை காத்திராமல், நாளைக் காலையில் அவருக்கு அரை மணி நேரத்தைக் கொடுங்கள். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.


மருத்துவமனைக் குடும்பத்தார்