கம்பத்து நீரும் மலைக்காட்டின் காவலர்களும்

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால், 1895ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து பரந்திருக்கும் பசுமைமாறா வனமே, சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டுக் அப்பள்ளத்தாக்கின் வயல்களை வாழ்விக்கும் நீருக்கு ஜன்மஸ்தானமாகும்.

1978இல் புலிகள் காப்பகமான அவ்வனத்தில், ஜீவனத்துக்கு வேறு மார்க்கமின்றிக் காட்டு இலவங்க மரங்களின் பட்டையை உரித்துக் கள்ளத்தனமாக விற்றுவந்தோர், வழக்குகளுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்தனர். தண்டனை ஒன்றே பரிகாரமாகாது எனத் தெளிந்த கேரள வனத்துறை, 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் அவர்களையே ஒரு குழுவாக அமைத்து, பிரயாணிகளுக்கு வழிகாட்டும் பணியையும் காட்டைக் காக்கும் ரோந்துப் பணியையும் ஒப்படைத்தது. ஒவ்வொரு தடத்தையும் புதரையும் அறிந்த அவர்களது அனுபவ ஞானம் எந்தக் கலாசாலையிலும் கிட்டாத செல்வம் என்பதே எமது துணிபு. மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரும் வழிகாட்டிகளாயினர். கடனுக்கு ஈடாக வியாபாரிகளிடம் சென்றுகொண்டிருந்த தங்கள் மிளகைத் தாமே நேரடியாக விற்கும் சுதந்திரத்தையும் அம்மலைமக்கள் பெற்றனர்.

தமிழகப் பக்கத்து மேகமலையும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இக்காடுகளைக் காண விழையும் அன்பர்கள், அனுமதி பெற்று, இம்மண்ணின் மக்களையே வழித்துணையாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.