தலைக்கவசம் சிலையா? லண்டன் கோர்ட்டில் விசித்திர வழக்கு!

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெள்ளைக் கவசச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக வருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? பார்க்கத்தான் மிடுக்கு. தொட்டால் வெறும் பிளாஸ்டிக்!

அந்தப் படத்துக்குத் தலைக்கவசம் செய்து கொடுத்தவர் லண்டன் டுவிக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த். 2004-ல் அதே மாதிரி செய்து விற்கத் தொடங்கினார். ஜார்ஜ் லூகாஸ் கம்பெனி விடுமா? அமெரிக்க கோர்ட்டு 2006-ல் 2 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. லண்டனிலும் வழக்கு. தலைக்கவசம் ஒரு சிலை என்று வாதாடியது கம்பெனி. சிலை என்றால் உரிமை பல காலம் நீடிக்கும். தொழிற்பொருள் என்றால் 15 ஆண்டோடு சரி! 2011 ஜூலை 27-ல் சுப்ரீம் கோர்ட்டு, சிலை அல்ல என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் பிழைத்தார் எய்ன்ஸ்வொர்த்.

இந்தக் கவசத்தைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பொருத்தும் ரசிகர்கள் ஏராளம். பிளாஸ்டிக் தகட்டை இளகச் சூடாக்கி அச்சின் மேல் போட்டு, அடியில் காற்றை உறிஞ்சினால் உருவம் வந்துவிடும். ஓரம் வெட்டுவதுதான் தலைவலி. கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும். கூடுதலா வெட்டினால் போச்சு, காசு தண்டம்!

படத்தில் வந்த தலைக்கவசம் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது. ரசிகர்கள் அந்தக் கோணலையும் அப்படியே கொண்டு வருகிறார்கள். நேராக்கினால் மதிப்பில்லையாம்!