கால் ஏக்கரும் கந்தளாய்க் குளமும்

நுவரெலியாவிற்குச் சென்று மீண்ட நேயர்கள் கிரகரி வாவியைக் கண்டிருப்பர். அப்பெயருக்குரியவர் 1872 முதல் 1877 வரை இலங்கைத் தேசாதிபதியாக விளங்கிய சேர் வில்லியம் ஹென்றி கிரகரி. ஆயின், அயர்லாந்து மக்கள் அவரை நினைவுகூர்வது வேறொரு காரணம் பற்றியாகும்.

1816இல் டப்ளினில் பிறந்த கிரகரி, 1842இல் அந்நகரின் பிரதிநிதியாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் புகுந்தார். அமைச்சர் பதவி எதனையும் அவர் வகித்தாரல்லர். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. ஏழைக் குடியானவனுக்கு அதுவே மூவேளை உணவு. பஞ்சம் முற்றிய 1847இல் ஏழைகள் நிவாரணச் சட்டம் விவாதத்திற்கு வந்தபோது, கிரகரி ஒரு திருத்தம் கொணர்ந்தார். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வைத்திருப்பவன் அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெறலாகாது என்பதே அது. கால் ஏக்கராவது நம் கணக்கில் நாற்பது பேர்ச். நிலத்தை வைத்திருந்தால் பட்டினி. கொடுத்துவிட்டால் அடுத்த போகத்திற்கு விதைக்க இடமில்லை. நிலத்தோடு குடிசையையும் இழந்து தெருவில் நின்றோர் பலர். திருத்தத்தை ஆதரித்து வாக்களித்த ஏனையோருக்கும் இப்பழியில் பங்குண்டு என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டிலேயே அவருடைய தந்தையார், குடியானவர்க்கு உதவப் போந்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

அவ்வாண்டுத் தேர்தலில் தோற்ற கிரகரி, குதிரைப் பந்தயத்தில் பெருஞ்சொத்தை அழித்தார். 1857இல் கால்வே தொகுதியிலிருந்து மீண்டும் பாராளுமன்றம் சென்று, பதினைந்தாண்டு கழித்து இங்கு வந்தார்.

வந்தவர் 1873இல் வடமத்திய மாகாணத்தை அமைத்தார். தூர்ந்த குளங்களைத் திருத்தும் பணியை ஊக்குவித்தார். நம் மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் திருத்தப்பட்டதும் அந்த 1870களிலேயே. தம்பலகாமத்து வயல்கள் அந்நீரால் விளைபவை. இதனைக் கழுவாய் என்று கூற நான் துணியேன். நெல் விளைந்தால் நெல்வரியும் பெருகும் என்பதை அரசாங்கம் அறியாததன்று. எனினும் குடியானவன் கையில் நிலம் இருக்கவேண்டும் என்ற கொள்கைக்கு அவர் இங்கு எதிராக நிற்கவில்லை.

கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. கட்டிடத்தை எழுப்பியவர் வாப்பிச்சி மரைக்கார். யாது பரிசு வேண்டும் என்று தேசாதிபதி வினவ, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகச் செவிவழிச் செய்தியொன்று உண்டு. நூதனசாலை முன்றிலில் கிரகரியின் சிலை நிற்கிறது.

1880இல் அவர் மணந்த அகஸ்தா அம்மையார், பின்னாளில் டப்ளினின் அபே நாடக அரங்கை நிறுவியவர்களுள் ஒருவர். கிரகரி 1892இல் காலமானார். அயர்லாந்தின் வரலாற்று நூல்களில் அவர் பெயர் இன்றும் அந்தக் கால் ஏக்கர் விதியோடு சேர்ந்தே வழங்கி வருகிறது.