பதவி வேறு, பலம் வேறு

பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஜாலான் துன் சம்பந்தனை அறியாத கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் இருக்க முடியாது. அந்தப் பெயருக்குரிய துன் வீ.தி.சம்பந்தன் 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், அமைச்சராகவும் இருந்தவர்.

அக்காலத்தில் ஐரோப்பிய நிறுவனங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர். தொழிலாளர்கள் வேலையோடு குடியிருந்த லயத்தையும் இழந்தனர். அமைச்சர் பதவியால் மட்டும் அந்த விற்பனையைத் தடுக்க முடியவில்லை.

துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். ஆளுக்கு 10 வெள்ளியாகச் சேர்த்து நாமே தோட்டம் வாங்கலாம் என்று எடுத்துச் சொன்னார். தொழிலாளர்கள் நம்பினர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் கைக்கு வந்தது.

அதே 1960இல்தான் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் நியூஸ்டாட், தம் நாட்டு அதிபர்களின் அதிகாரத்தை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளை மாளிகையில் பணியாற்றிய அனுபவமும் அவருக்கு உண்டு. கட்டளை போடுவதால் மட்டும் அதிபருக்குக் காரியம் நடப்பதில்லை. பிறரை இணங்க வைக்கும் திறனே அவரது உண்மையான பலம் என்பது அவர் கண்ட முடிவு. அந்தத் திறனுக்கு நற்பெயரும் மக்கள் செல்வாக்கும் துணை நிற்கின்றன.

இது கோயில், பள்ளி, சங்கத் தலைவர்களுக்கும் பொருந்தும். ஆண்டுக் கூட்டத்தில் ஒருவருக்குக் கை தூக்கும் முன் இதை யோசிக்கலாம்: இவர் கேட்டால் நம் மக்கள் நம்பி 10 வெள்ளி கொடுப்பார்களா?