சக்கரவர்த்தியின் விடியற்காலை

விடியற்காலையில் எழுந்திருக்க மனம் வராமல், போர்வையின் கதகதப்பை இன்னும் சற்று நேரம் அனுபவித்தால் என்ன என்று தம்மோடு தாமே வழக்காடிய மனிதர்களின் ஜாபிதா ஒன்றை யாரேனும் தயாரித்தால், ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவருக்கும் அதில் இடம் கொடுக்க வேண்டியிருக்கும். கி.பி. 161 முதல் 180 வரை, பிரிட்டனிலிருந்து சிரியா வரை பரந்து கிடந்த சாம்ராஜ்யத்தை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் தமக்கென எழுதிவைத்துக்கொண்ட குறிப்புகளில் ஐந்தாம் பாகம் இந்த வழக்கோடுதான் ஆரம்பமாகிறது. மனிதனுக்குரிய காரியத்தைச் செய்யத்தானே எழுகிறேன் என்கிறது ஒரு குரல். படுத்திருப்பதுதான் இதமாயிருக்கிறது என்கிறது மற்றொன்று. செடி கொடியும் சிட்டுக்குருவியும் எறும்பும் சிலந்தியும் தேனீயும் தத்தம் வேலையைச் செய்யவில்லையா என்று முதற்குரல் மடக்குகிறது. ஓய்வும் வேண்டாமா என்று இரண்டாவது விடாமல் கேட்க, வேண்டியதுதான், ஆனால் உண்பதற்கும் குடிப்பதற்கும் போலவே அதற்கும் இயற்கை ஓர் அளவு வைத்திருக்கிறதே என்று பதில் வருகிறது.

இவ்வாறு எழுதியவர் பஞ்சணையில் சோம்பிக் கிடந்த சுகவாசி அல்லர். பலவீனமான தேகம் அவருக்கு. உறங்கும்படியும் ஓய்வெடுத்துக்கொள்ளும்படியும் பழைய ஆசிரியரான ஃப்ரோண்டோ கடிதம் எழுதி வற்புறுத்த வேண்டியிருந்தது. பார்த்தியரோடு போரிட்டுத் திரும்பிய சேனைகளோடு கூடவே வந்த கொள்ளைநோய் சாம்ராஜ்யம் எங்கும் பரவிற்று. டான்யூப் நதிக்கு அப்பாலிருந்து மார்க்கமானியரும் க்வாடியரும் படையெடுத்து வந்தனர். பதின்மூன்றுக்குக் குறையாத பிள்ளைகளில் பாதிக்கு மேல் சிறு வயதிலேயே பறிபோயின. குறிப்புகளின் முற்பகுதியில் இரண்டு இடங்களின் பெயர்கள் காணப்படுகின்றன. ஒன்று க்வாடியர் நாட்டிலுள்ள கிரானுவா நதிக்கரை. மற்றொன்று இன்றைய ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குக் கிழக்கே டான்யூப் ஓரத்தில் ரோமானியரின் பாசறையாய் விளங்கிய கார்னுந்தும். எதிரி அக்கரையில் இருக்க, இக்கரையில் விளக்கொளியில் கிரேக்க மொழியில் தம் சித்தத்துக்குத் தாமே புத்தி சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் உள்ள பயிற்சியைத்தான், காலைப்பொழுதைச் சாந்தமாய் ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்கு இக்காலத்தில் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். பொழுது விடியும்போதே மனத்துக்குச் சொல்லிவிட வேண்டுமாம்: வேண்டாத விஷயத்தில் தலையிடுகிறவன், நன்றி கெட்டவன், இறுமாப்புக்காரன், வஞ்சகன், பொறாமைக்காரன், ஒருவரோடும் ஒட்டாதவன் ஆகிய இத்தனை பேரையும் இன்றைக்குச் சந்திக்கத்தான் போகிறாய் என்று. காலையில் எழுந்ததும் நல்லதையே நினைக்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு இது அபசகுனமாகத் தோன்றக்கூடும். ஆனால் எதிர்பாராமல் வந்து விழும் அடியே அதிகம் வலிக்கிறது என்பது, மார்க்கஸ் பின்பற்றிய ஸ்டோயிக்குகள் என்ற தத்துவவாதிகளின் அபிப்பிராயம். மனத்தில் ஒருமுறை சந்தித்துவிட்ட மனிதர் வாசலில் வந்து நிற்கும்போது, கோபத்துக்குப் பாதி வேலை போய்விடுகிறது.

இந்தச் சிந்தனை மரபு கி.மு. 300-ஐ ஒட்டி ஏதென்ஸ் நகரில் தோன்றியது. சைப்ரஸ் தீவிலிருந்து வந்த ஜீனோ என்பவர், சித்திரம் தீட்டிய ஒரு நெடுந்தாழ்வாரத்தில் சீடர்களுக்குப் போதித்தார். கிரேக்கத்தில் தாழ்வாரத்துக்கு ஸ்டோவா என்று பெயராகையால் அவர் வழி வந்தவர்கள் ஸ்டோயிக்குகள் ஆனார்கள். நானூறு ஆண்டுகளுக்குப் பின் இந்த மரபுக்கு மிகத் தெளிவான குரல் கொடுத்தவர், அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற, கால் ஊனமுற்ற எபிக்டெட்டஸ். நம் அபிப்பிராயமும் விருப்பும் வெறுப்பும் நம் வசத்தில் உள்ளவை. தேகமும் சொத்தும் பதவியும் பிறர் நம்மைப் பற்றி நினைப்பதும் நம் வசத்தில் இல்லாதவை என்ற பாகுபாட்டை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். அவர் சொன்னவற்றை அர்ரியன் என்ற மாணவர் எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகளை ருஸ்டிகஸ் என்ற ஆசான் மார்க்கஸின் கையில் கொடுத்தார். ஓர் அடிமையின் வாக்கைச் சக்கரவர்த்தி பாடமாக ஏற்றுக்கொண்ட இந்தச் சங்கதி, சாம்ராஜ்யத்தின் வெற்றிகள் அனைத்தையும்விட எனக்கு ஆச்சரியம் தருகிறது.

எபிக்டெட்டஸ் காட்டும் உதாரணம் பொதுக் குளியற்கூடம். குளிக்கப் புறப்படுமுன் அங்கே என்னென்ன நடக்கும் என்று நினைத்துக்கொள். ஒருவன் தண்ணீரை வாரி இறைப்பான், ஒருவன் இடித்துத் தள்ளுவான், ஒருவன் ஏசுவான், ஒருவன் திருடுவான் என்கிறார். திருட்டைச் சேர்த்தது மிகையன்று. இங்கிலாந்தில் பாத் நகரத்து ரோமானிய வெந்நீர் ஊற்றிலிருந்து சாபம் பொறித்த 100-க்கு மேற்பட்ட மெல்லிய உலோகத் தகடுகளை எடுத்திருக்கிறார்கள். என் மேலங்கியைக் கொண்டுபோனவன் உருப்படக்கூடாது என்ற தோரணையில், குளிக்கப் போய்த் துணியைத் தொலைத்தவர்கள் தேவதையிடம் முறையிட்டவை அவற்றில் பல. இத்தகைய இடத்துக்குப் போகிறவன் குளிக்க வேண்டும் என்று ஒரு சங்கற்பமும், என் சித்தத்தின் ஒழுங்கையும் காத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு சங்கற்பமும் ஆக இரண்டைச் செய்துகொண்டு புறப்பட வேண்டும் என்பது அவர் உபதேசம். முதலாவது கெட்டாலும் இரண்டாவது கெட வேண்டிய அவசியம் இல்லை.

இதைப் படித்த உற்சாகத்தில் சில காலம் நானும் எங்கள் தெருக் குழாயடிக்கு இவ்விதம் ஆயத்தம் செய்துகொண்டு போனதுண்டு. வரிசையில் வைத்த குடத்தை நகர்த்துகிறவர், தம் இரண்டு குடத்தோடு அடுத்த வீட்டாருடையது என்று மேலும் நான்கைக் கொண்டுவருகிறவர், நிரம்பிய பின்னும் குழாயை மூடாமல் ஊர்க்கதை பேசுகிறவர் என்று படுக்கையிலேயே ஒவ்வொருவராய் மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்தேன். பலன் என்னவென்றால், குழாயடிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லோரிடமும் சண்டை போட்டு முடித்திருந்தேன். ஒரு பெண்மணி, “என்ன அண்ணா, காலங்கார்த்தாலே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு?” என்று கேட்கும் அளவுக்கு என் தத்துவ விசாரம் முற்றியிருந்தது.

பிழை எங்கே என்று புத்தகத்தை மறுபடி புரட்டியபோதுதான் புரிந்தது. சக்கரவர்த்தியின் காலைச் சிந்தனைக்கு இரண்டு பாதிகள் உண்டு. முதற்பாதியோடு நான் எழுந்து ஓடியிருந்தேன். நன்மை எது தீமை எது என்று அறியாமையினால்தான் அவர்கள் அப்படி நடக்கிறார்கள் என்றும், அந்த வேறுபாட்டை அறிந்த என்னை அவர்களால் இழிவுபடுத்த முடியாது என்றும், ஒரே அறிவில் பங்குடைய அவர்கள் எனக்கு உறவினர் என்றும் தொடர்ந்து எழுதுகிறார். கைகளைப்போல, கால்களைப்போல, இமைகளைப்போல, மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும்போல ஒத்துழைக்கப் பிறந்தவர்கள் நாம் என்பது அவர் காட்டும் உவமை. பல்வரிசை உவமையை நான் பெரிதும் ரசிக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்று மோதித்தான் அவை வேலை செய்கின்றன. மோதலில்லாத உறவு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, உலகம் பொல்லாதது, நெஞ்சைக் கல்லாக்கிக்கொள் என்று அதற்குப் பொருள் சொல்லுகிறவர்கள், அவர் சொன்னதற்கு ஏறக்குறைய நேர்மாறானதையே சொல்லுகிறார்கள்.

இதனால் அவரை மகானாக்கிவிட வேண்டியதில்லை. அவர் ஆட்சியிலேதான், 177-ஆம் ஆண்டில், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் கொடூரமாய் வதைக்கப்பட்டார்கள். எபிக்டெட்டஸைப் போற்றியவர் அடிமை முறையை ஒழிக்கவில்லை. அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகன் கொம்மோடஸ் கொடுங்கோலன் என்றே பெயரெடுத்தான். மனத்தை ஆளும் வித்தை ராஜ்யத்தையும் சீராக்கிவிடும் என்பதற்கு அவர் சரித்திரம் சாட்சி சொல்லாது. ஆயினும் மனத்தளவில் அந்த வித்தைக்கு மதிப்புக் குறையவில்லை. நம்மைக் கலக்குவது சம்பவமன்று, சம்பவத்தைப் பற்றிய நம் தீர்ப்பே என்ற எபிக்டெட்டஸின் கொள்கையை, 1950-களில் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஆல்பர்ட் எல்லிஸ் தம் சிகிச்சை முறைக்கு மூலமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ராஜாஜி ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்த இக்குறிப்புகள் பன்னிரண்டு பாகம் உள்ளவை. சொன்னதையே மறுபடி மறுபடி சொல்லுகின்றன என்று குறைபட்டுக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. பிறர் படிக்க எழுதியதாயிருந்தால் அது குறைதான். தமக்கே எழுதிக்கொண்டவரோ ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்விழிக்க வேண்டியிருந்தது. நான் இப்பொழுது இரண்டு பாதிகளையும் சேர்த்தே நினைத்துக்கொண்டு குடத்தை எடுக்கிறேன். இன்று காலை என் ஜாபிதாவில் இருந்த மூவரில் ஒருவரும் வரவில்லை; ஜாபிதாவில் இல்லாத ஒருவர் வந்து, என் குடத்தைத் தமது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.