தேவாலா: தங்கம் உண்டு, சுரங்கம் இல்லை

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்குப் பேருந்தில் போகும் வாய்ப்புக் கிடைத்தால், சன்னலோர இடத்தை விட்டுவிடாதீர்கள். பைக்காராவைத் தாண்டியதும் நடுவட்டத்தின் தேயிலைச் சரிவுகள் வரும். ஊசிமலையில் நின்று பார்த்தால், கீழே முதுமலைக் காடு விரிந்து கிடக்கும். சுமார் 50 கிலோமீட்டர் பயணத்தில் ஏறத்தாழ 1,100 மீட்டர் கீழே இறங்கிவிடுவீர்கள்! கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகச் சென்றால் தேவாலா. அங்கே தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே, பழைய தங்கச் சுரங்கங்களின் வாய்கள் இன்றும் திறந்து கிடக்கின்றன.

இவற்றை வெட்டியவர்கள் யார்? ஏன் கைவிட்டார்கள்?

இப்பகுதிப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாகவே ஓடை மணலை மரத்தட்டில் அரித்துத் தங்கத் துகள்களை எடுத்து வந்தார்கள். 1879-இல் ஆஸ்திரேலியச் சுரங்க நிபுணர் பிரோ ஸ்மைத், அரசின் சார்பில் இங்கு ஆய்வு செய்தார். அவருடைய அறிக்கை 1880-இல் வெளிவந்தது. உடனே லண்டனில் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தோன்றின, பங்குகள் பறந்தன. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூழ்கிவிட்டன.

அப்படியானால் தங்கம் இருந்தது பொய்யா? இல்லை. காரணம் பாறையில் இருக்கிறது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்திலிருந்து கொதிநீர் பாறை வெடிப்புகளின் வழியே மேலேறியது. அதில் சிலிகாவும் சிறிதளவு தங்கமும் கரைந்திருந்தன. வெப்பமும் அழுத்தமும் குறைந்தபோது அவை படிந்தன. அதுவே குவார்ட்ஸ் என்னும் வெண்பாறை நாளம். அதில் உள்ள தங்கத்தில் ஒரு பகுதி, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமத்துக்குள் சிறைப்பட்டிருக்கும்.

தரைமட்டத்தில் மழைநீரும் காற்றும் பைரைட்டைத் துருவாக்கிச் சிதைத்துவிடுகின்றன. தங்கம் துருப்பிடிக்காது, எனவே விடுபட்டு நிற்கிறது. அத்தகைய தங்கம் பாதரசத்துடன் எளிதில் கலந்து கைக்கு வரும். ஆழத்திலோ பைரைட் சிதையாமல் இருப்பதால், தங்கம் பாதரசத்துக்குச் சிக்குவதில்லை. ஆகவே மேற்பரப்பில் கண்டதை வைத்து ஆழத்தை மதிப்பிட்டால் ஏமாற்றமே!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் குவார்ட்ஸ் என்பது பக்கத்துக்கு 72 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம். அதில் 5 கிராம் தங்கம் இருந்தால், அதன் கன அளவு ஒரு பட்டாணி அளவுதான். அந்தப் பட்டாணியும் தூள்தூளாகச் சிதறிக் கிடக்கும். அத்தனை பாறையையும் வெட்டி, அரைத்து, பிரித்தெடுக்க ஆகும் செலவு தங்கத்தின் விலையைவிடக் குறைந்தால்தான் அது சுரங்கம். இல்லாவிட்டால் வெறும் பாறை. 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்ற கோலார் தங்கவயலும் இதே கணக்கில் தோற்று, 2001-இல் மூடப்பட்டது.

தேவாலாவில் கணக்கு இன்னும் முடியவில்லை. கைவிடப்பட்ட சுரங்கங்களில் திருட்டுத்தனமாகத் தங்கம் தேடப் போய், மண் சரிந்து மாண்டவர்கள் உண்டு. பாதரசக் கலவையைச் சூடாக்கும்போது எழும் ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும்; அது ஓடையில் கலந்தால் மீன்களுக்கும், அவற்றை உண்பவர்களுக்கும் நஞ்சு.

எனவே தேவாலா சென்றால், சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள். சாலையோரம் வெட்டப்பட்ட மண்சுவரைப் பாருங்கள். செம்மண்ணுக்கிடையே வெள்ளைக் கோடாக ஒரு குவார்ட்ஸ் நாளம் தெரியலாம். கொதிநீர் ஏறிவந்த பாதை அதுதான்.