டிராக்டர் ஸ்டியரிங்கில் ஆட்டமா?

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய டிராக்டர்களில், ஸ்டியரிங் சக்கரம் சிறிது தூரம் வெறுமனே சுழன்ற பிறகே முன்சக்கரங்கள் திரும்பும். இது 'பிளே' அல்லது ஆட்டம் எனப்படும். இந்த ஆட்டம் அதிகமானாலும் வயலில் உழும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கரும்பு ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் செல்லும்போது, எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கும் அந்த ஒரு நொடியில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அளவு என்ன?

சமதரையில் டிராக்டரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முன்சக்கரங்களை நேராக வைக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்ல அசைக்க, மற்றொருவர் முன்சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் சுழலும் தூரமே ஆட்டம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இது 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கில் இது விளிம்பில் சுமார் 10 செ.மீ. ஆகும். இது சட்டத்தின் உச்சவரம்பு மட்டுமே. கையேட்டில் கூறியுள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

எங்கே தேய்மானம்?

ஆட்டம் கண்டதும் ஸ்டியரிங் பாக்ஸின் திருகை இறுக்குவது பலரின் வழக்கம். இது தவறு. சேற்றுழவின்போது பால் ஜாயிண்ட்டுகளில் சேறு புகுந்து, அவை விரைவில் தேய்கின்றன. எனவே முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒருவர் அசைக்கும்போது ஒவ்வொரு ஜாயிண்ட்டின் மீதும் கை வைத்தால் தளர்ச்சி தெரியும். தளர்ந்ததை மாற்றிவிட வேண்டும். வெல்டிங் வைக்கக் கூடாது. கழற்றுமுன் மரைச் சுற்றுகளை எண்ணி வைத்து, அதே அளவுக்குப் புதியதைத் திருக வேண்டும். காட்டர் பின்னும் புதிதாகப் போட வேண்டும். பின்னர் முன்சக்கரங்களின் 'டோ-இன்' அளவைச் சரிபார்ப்பது அவசியம்.

அடுத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான கட்டைகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஹப் மட்டும் ஆடினால் பேரிங் தளர்ந்துள்ளது. ஹப்புடன் ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் புஷ் தேய்ந்துள்ளது. பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் டிராப் ஆர்ம் நட்டையும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பாக்ஸ் கடைசியில்

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் நீடித்தால் மட்டுமே பாக்ஸில் கை வைக்கலாம். முதலில் அதன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்த வேண்டும். பாக்ஸின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். ஆகவே நடுவில் ஆட்டமே இல்லாதபடி இறுக்கினால், திருப்பத்தில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுழற்றி, எங்காவது கனமாக இருந்தால் திருகைத் தளர்த்திவிட வேண்டும். சில மாடல்களில் திருகுக்குப் பதில் ஷிம் தகடுகள் இருக்கும். அவற்றைப் பட்டறையில் சரிசெய்வதே நல்லது.

சேற்றுழவு முடிந்ததும் ஜாயிண்ட்டுகளைக் கழுவி, நிப்பிள் உள்ளவற்றில் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். கிழிந்த ரப்பர் மூடிகளை உடனே மாற்றினால் ஜாயிண்ட்டுகள் நீண்ட காலம் உழைக்கும்.